ஐந்து நாள், ஏழு பை பிளாஸ்மா: கல்லீரல் செயலிழந்தவர்களுக்காகத் திருவண்ணாமலை மாவட்ட மக்களின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை, வேளாண்மை – உழவர் நலத்துறை, திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர், அரசு திருவண்ணாமலை மருத்துவக் கல்லூரி முதல்வர்.

எலி மருந்து உடம்புக்குள் போனவர் முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் இருப்பார். வாந்தி வரும், வயிறு எரியும், பிறகு அதுவும் அடங்கிவிடும். எழுந்து நடப்பார், இட்லி கேட்பார். ஆள் தெளிவாக இருக்கிறாரே, வீட்டில் அறுப்பு நிற்கிறதே என்று குடும்பம் எழுதிக் கொடுத்துவிட்டு அழைத்துப் போய்விடும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ கண் மஞ்சளாகும். ஈறில் ரத்தம் கசியும். பேச்சு குழறும், பகலெல்லாம் தூங்கி ராத்திரியெல்லாம் உளறுவார். இதன் பெயர் கல்லீரல் செயலிழப்பு என்று சொந்தக்காரர்களுக்குத் தெரிய வரும்போது நோயாளி பெரும்பாலும் வேலூர் சாலையில் நூத்தியெட்டு வண்டிக்குள் இருப்பார்.

இந்தச் சாசனம் அந்த மூன்று நான்கு நாட்களைப் பற்றியது. செங்கம், போளூர், கலசபாக்கம், ஆரணி, செய்யாறு, வந்தவாசி, தண்டராம்பட்டு, கீழ்பென்னாத்தூர், ஜமுனாமரத்தூர் என்று பரந்து கிடக்கும் உழவு மாவட்டம் இது. எலியும் எலி மருந்தும் இல்லாத வீடு குறைவு. தமிழ்நாட்டின் கல்லீரல், குடல் நோய் மருத்துவர்கள் ஒன்றுசேர்ந்து 2019-ன் முதல் ஆறு மாதங்களைக் கணக்கெடுத்தபோது, அதில் பங்கேற்ற மருத்துவமனைகளில் மட்டும் நானூறுக்கும் அதிகமானோர் எலி மருந்தால் கல்லீரல் கெட்டுச் சிகிச்சைக்கு வந்திருந்தார்கள். பெரும்பாலோர் இளவயதினர். மேலை நாடுகளில் திடீர்க் கல்லீரல் செயலிழப்பு என்றால் பாராசிட்டமால் மாத்திரையைத்தான் முதலில் நினைப்பார்கள். நம் பக்கத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எலி பேஸ்ட்.

நாங்கள் கேட்பது இன்னது என்று சொல்லுமுன், கேட்காதது இன்னது என்றும் சொல்லிவிடுகிறோம். "செயற்கைக் கல்லீரல்" என்ற பெயர்ப்பலகை எங்களுக்கு வேண்டாம். கல்லீரலின் வேலையை முழுதாகச் செய்யும் இயந்திரம் உலகில் எங்கும் இல்லை. ஜெர்மனியின் ரோஸ்டாக் நகரில் 1990-களில் உருவான மார்ஸ் என்னும் கருவி, டயாலிசிஸ் நீரில் ஆல்புமினைக் கலந்து, சாதாரண டயாலிசிஸில் வெளியேறாத பித்தக் கழிவுகளை இழுத்தெடுக்கும். கெட்டிக்காரத்தனமான வேலைதான். ஆனால் நாள்பட்ட கல்லீரல் நோய் திடீரென்று முற்றியவர்கள் 189 பேரை வைத்து ஐரோப்பாவில் நடந்து 2013-ல் வெளியான பெரிய ஆய்வில், மார்ஸ் பெற்றவர்களும் பெறாதவர்களும் பிழைத்த விகிதத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கல்லீரல் உயிரணுக்களையே குழாய்க்குள் வளர்த்து ரத்தத்தைச் சுற்றவிட்ட அமெரிக்கக் கருவியும் 2018-ல் தன் கடைசிச் சோதனையில் தோற்றது. ஒரு தடவைக்கே லட்சக்கணக்கில் செலவாகும் இத்தகைய கருவியை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டு, ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனைக்கான பொருள் தீர்ந்துபோனதென்று ஆய்வகம் கையை விரிக்கும் நிலை எங்களுக்கு வேண்டவே வேண்டாம்.

நாங்கள் கேட்பது பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை. இந்தச் சிகிச்சையில் எலி மருந்து நோயாளிகளிடம் தொடர்ந்து அனுபவம் சேர்த்த இடங்களில் ஒன்று எங்களிடமிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டரில், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இருக்கிறது. சென்னையிலும் பெரிய மருத்துவமனைகள் செய்கின்றன. அப்படியிருக்க, இது இன்னும் நெடுந்தூரம் போய்ப் பெற வேண்டிய பொருளாக இருப்பதுதான் எங்கள் குறை.

சிகிச்சை என்ன செய்கிறது

கல்லீரல் நின்றுபோனால் இரண்டு கேடுகள் சேர்ந்து வரும். ரத்தத்தை உறையவைக்கும் புரதங்கள் உற்பத்தியாகாது. யூரியாவாக மாற வேண்டிய அம்மோனியா மாறாமல் மூளைக்கு ஏறி வீக்கத்தை உண்டாக்கும். டயாலிசிஸோ, நீரில் கரையும் கழிவை மட்டுமே எடுக்கும். பிலிருபினும் பித்த அமிலங்களும் ஆல்புமினைப் பிடித்துக்கொண்டு திரிவதால் அந்தச் சல்லடைக்குள் நுழையா. பிளாஸ்மா மாற்றில் நோயாளியின் ரத்தத்திலிருந்து மஞ்சள் நீரான பிளாஸ்மாவைப் பிரித்து அப்படியே வெளியேற்றிவிட்டு, கொடையாளிகளின் பிளாஸ்மாவை ஏற்றுகிறார்கள். கழிவு போகிறது, உறைதல் புரதம் வருகிறது. இரண்டு கேட்டுக்கும் ஒரே மூச்சில் பதில்.

ஒரு தப்பெண்ணத்தை இங்கே களைய வேண்டும். ரத்தத்தைச் சுத்தம் செய்து எலி மருந்தை வெளியே எடுக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறோம். எலி பேஸ்டில் உள்ள மஞ்சள் பாஸ்பரஸ் தன் நாசத்தைக் கல்லீரலில் முன்பே செய்து முடித்திருக்கும். காமாலை தெரியும் நேரத்தில் பிடித்தெடுக்க விஷம் மிச்சமிருக்காது. அதன் பின் உடம்பே மூட்டிவிட்ட அழற்சியைத்தான் இந்தச் சிகிச்சை தணிக்கிறது. வேலூர் மருத்துவர்கள் இந்த நோயாளிகளின் ரத்தத்தில் வான் வில்லிபிராண்ட் காரணி என்ற புரதம் பல மடங்கு ஏறியிருப்பதையும், அது ஏற ஏறப் பிழைக்கும் வாய்ப்பு குறைவதையும் கண்டிருக்கிறார்கள். அந்தப் புரதம் நுண் குழாய்களில் தட்டணுக்களைத் திரளவைத்து, தப்பித்துக்கொண்டிருக்கும் கல்லீரல் பகுதிக்கும் ரத்தம் போகாமல் தடுக்கிறது என்பது அவர்கள் கருத்து. பிளாஸ்மாவை மாற்றினால் அந்தத் தடை தளரும். கல்லீரல் திரும்ப வளரக்கூடிய உறுப்பு. அது வளரும்வரை ஆளை உயிரோடு வைத்திருக்க வேண்டும். இந்தச் சிகிச்சை வாங்கித் தருவது அந்த அவகாசத்தைத்தான்.

ஆதாரம் எவ்வளவு உறுதி என்று அதிகாரிகள் கேட்பார்கள், கேட்க வேண்டும். கோபன்ஹேகன், லண்டன், ஹெல்சிங்கி மருத்துவமனைகளில் திடீர்க் கல்லீரல் செயலிழப்பு கண்ட 182 பேரிடம் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், பிளாஸ்மா மாற்று பெற்றவர்களில் ஏறத்தாழ 59 சதவீதமும் பெறாதவர்களில் ஏறத்தாழ 48 சதவீதமும் பிழைத்து வீடு திரும்பினார்கள். டெல்லியில் உள்ள கல்லீரல், பித்தநீர் அறிவியல் நிறுவனம் 40 பேரிடம் செய்த சிறிய சோதனையிலும் பலன் தெரிந்தது. எலி மருந்துக்கென்றே உள்ள வேலூர், சென்னை அனுபவங்கள், சிகிச்சை பெற்றவர்களைப் பின்னோக்கிப் பார்த்துத் தொகுத்தவை. அவை குலுக்கல் முறைச் சோதனைகள் ஆகா. ஆகவே இது எல்லோரையும் காப்பாற்றும் என்று நாங்கள் சொல்லவில்லை. மாற்றுக் கல்லீரல் கிடைக்காத ஏழை நோயாளிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஒரே வழி இது என்கிறோம்.

வட்டத்திலிருந்தே தொடங்குங்கள்

எங்கள் முதல் கோரிக்கைக்கு இயந்திரமே தேவையில்லை. எலி பேஸ்ட் சாப்பிட்டதாகச் சொல்லிவரும் எவரையும், பார்வைக்கு எவ்வளவு தெளிவாக இருந்தாலும், ஐந்து நாள் கண்காணிப்பில் வைக்க வேண்டும். வட்ட மருத்துவமனைகள் அனைத்திலும் பி.டி., ஐ.என்.ஆர். பரிசோதனை தினமும் நடக்க வேண்டும். கண் மஞ்சளாகும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். ரத்தம் உறையும் நேரம் அதற்கு முன்னரே நீளத் தொடங்கும். அசிட்டைல் சிஸ்டீன் என்ற விலை குறைந்த ஊசி மருந்து எல்லா வட்டத்திலும் இருப்பில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு அழைத்துப் போகிறோம் என்னும் குடும்பத்திடம் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள்: மூன்றாம், நான்காம் நாளில் என்ன நடக்கக்கூடும், எந்த அறிகுறி கண்டால் எங்கே ஓடிவர வேண்டும் என்று. அவர்கள் அலட்சியத்தால் போகிறவர்கள் அல்லர். தெரியாமல் போகிறார்கள். பலர் போலீசுக்குப் பயந்தும் போகிறார்கள்.

அந்தப் பயத்துக்கு இன்று இடமில்லை. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்கிறது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவு கிடையாது. இதை அவசரப் பிரிவு வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தால் போதும். சில உயிர்கள் அதனாலேயே படுக்கையில் தங்கும்.

மாவட்டத் தலைநகரில்

திருவண்ணாமலையில் 2013 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே பிளாஸ்மா மாற்று, வாரத்தின் ஏழு நாளும், இரவிலும், கல்லீரல் நோயாளிக்கு நடக்க வேண்டும். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். ரத்தத்தைச் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்கும் கருவி ஒரு வழி. தீவிர சிகிச்சையில் தொடர் டயாலிசிஸுக்கு வைத்திருக்கும் இயந்திரத்திலேயே பிளாஸ்மா வடிகட்டியை மாட்டிச் செய்வது இன்னொரு வழி. டயாலிசிஸ் அறையில் பல ஆண்டாக வேலை பார்க்கும் செவிலியருக்கும் தொழில்நுட்பருக்கும் இதைக் கற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆகாது. அவர்களைத் தொகுதி தொகுதியாக, அனுபவமுள்ள மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு அனுப்புங்கள். பயிற்சி முடித்தவரை அடுத்த மாதமே வேறு ஊருக்கு மாற்றிவிடாதீர்கள். இதைச் சொல்ல வேண்டியிருப்பதே ஒரு வருத்தம்.

நரம்பு நோய்க்கும் சிறுநீரக நோய்க்கும் பிளாஸ்மா மாற்றுச் செய்யும் மருத்துவமனைகள் உண்டு. கருவி ஒரு துறையின் பொறுப்பிலும் கல்லீரல் நோயாளி இன்னொரு துறையின் வார்டிலும் இருந்தால், ஒரே கூரைக்குக் கீழ் அந்த ஐம்பதடி தூரம் கடக்க முடியாததாகிவிடும். எந்த அரசு மருத்துவமனையில் எந்தக் கருவி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, யார் பொறுப்பு என்று ஒரு பட்டியலை மாநிலம் முழுமைக்கும் வெளியிடுங்கள். நூத்தியெட்டு ஓட்டுநரிடமும் அது இருக்கட்டும். நோயாளியை ஏற்றிக்கொண்டு அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் போவதா, நேரே வேலூர் நகருக்குள் போவதா, செய்யாற்றிலிருந்து செங்கல்பட்டுக்குத் திருப்புவதா என்பதை வண்டிக்குள் உட்கார்ந்து ஊகிக்கும் நிலை வேண்டாம்.

பிளாஸ்மாவுக்கு எங்கே போவது

ஐரோப்பிய ஆய்வு நோயாளியின் எடையில் 15 சதவீத அளவுக்குப் பிளாஸ்மாவை மாற்றியது. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 9 லிட்டர். நம் ரத்த வங்கியில் ஒரு பை உறைபிளாஸ்மா ஏறக்குறைய 200 மில்லி. ஆக நாளொன்றுக்கு 45 பை, மூன்று நாளைக்கு 135 பை. ஒரு நோயாளிக்கு இவ்வளவு போனால் பிரசவத்தில் ரத்தம் போகிற பெண்ணுக்கு என்ன மிஞ்சும்?

வேலூரில் கைக்கொண்டது சிறு அளவு முறை. உடம்பில் உள்ள பிளாஸ்மாவில் ஏறத்தாழ பாதியை மட்டும் ஒரு தடவைக்கு மாற்றுவது. அதே 60 கிலோ ஆளுக்கு ஒன்றேகால், ஒன்றரை லிட்டர். ஆறு ஏழு பை. மூன்று தடவை என்றாலும் இருபது பையைச் சுற்றித்தான். இது நம் ஊர்க் கணக்குக்கு ஒத்துவரும் அளவு. கோரிக்கையை வைக்கும் துணிவே இந்த எண்ணிலிருந்துதான் எங்களுக்கு வந்தது.

பிளாஸ்மா இல்லாமல் இல்லை. கொடையாகக் கிடைக்கும் ரத்தத்தைச் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என்று பிரிக்கும்போது சிவப்பணுதான் அதிகம் செலவாகிறது. மிஞ்சும் பிளாஸ்மா ஆல்புமின் முதலியவை தயாரிக்கும் ஆலைகளுக்குப் போகிறது. போகட்டும், அதுவும் உயிர் காக்கும் மருந்துதான். ஆனால் எல்லா ரத்தப் பிரிவிலும் குறிப்பிட்ட எண்ணிக்கைப் பைகளைக் கல்லீரல் நோயாளிகளுக்கென மைனஸ் 30 டிகிரியில் எப்போதும் ஒதுக்கி வைக்க வேண்டும் என்கிறோம். அந்தக் குளிரில் ஓராண்டு வரை கெடாது. பிளாஸ்மாவைப் பொறுத்தவரை ஏபி பிரிவுக்காரர் யாருக்கும் தரலாம். அவர்கள் தொகையில் குறைவு. அவர்களைத் தனிப் பட்டியலாக வைத்திருப்பது பலன் தரும்.

"ஏழு பேரைக் கூட்டிவந்தால்தான் ஏழு பை" என்று நோயாளியின் உறவினரிடம் சொல்வதை நிறுத்த வேண்டும். ஜமுனாமரத்தூரிலிருந்து மலையிறங்கி வந்திருக்கும் மலையாளிப் பழங்குடிக் குடும்பத்துக்கு ராத்திரி பதினொரு மணிக்குத் திருவண்ணாமலையில் ஏழு பேரை எங்கே தெரியும்?

அந்த ஏழு பேர் எங்கே இருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். மாதம் தவறாமல் பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறார்கள். அன்னதானப் பந்தல் இல்லாத பௌர்ணமி உண்டா? அந்தப் பந்தல்களுக்கு நடுவே ரத்தக் கொடையாளர் பதிவு மேசைகளை நிரந்தரமாக வையுங்கள். பதிவு மட்டும் போதும். விரதமிருந்து, வெறுங்காலோடு மலை சுற்றி வந்தவரை உட்காரவைத்து அங்கேயே ரத்தம் எடுக்கக் கூடாது. மயங்கி விழுந்தால் அடுத்த பௌர்ணமிக்கு ஒருவரும் மேசைப்பக்கம் வரமாட்டார். பெயர், ரத்தப் பிரிவு, ஊர் எழுதிக்கொண்டு, அவரவர் ஊர் ரத்த வங்கிக்கு அடுத்த வாரம் அழைக்கலாம். வருகிறவர்களில் பலர் சென்னை, பெங்களூர், ஆந்திரப் பக்கத்துக்காரர்கள். அவர்கள் கொடை அங்கேயே சேர்ந்தால்தான் என்ன, கல்லீரல் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

கார்த்திகைத் தீப நாளிலும் பௌர்ணமியிலும் நகர எல்லையிலேயே பேருந்துகளை நிறுத்தி, சாலைகளை மாற்றிவிடுகிறார்கள். அன்றைக்கு நோயாளி வண்டி போக வர ஒரு வழியைக் காவல்துறை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அம்மோனியா ஏறுவதற்கு நாள் நட்சத்திரம் கிடையாது.

காசு

ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அதில் கல்லீரல் செயலிழப்புக்கான பிளாஸ்மா மாற்று, எந்தக் குழப்பத்துக்கும் இடமில்லாதபடி, அதன் பெயரிலேயே இடம்பெற வேண்டும். வடிகட்டி, பிளாஸ்மா, தீவிர சிகிச்சைப் படுக்கை மூன்றும் ஒரே தொகுப்பில் அடங்க வேண்டும். தானே வருவித்துக்கொண்டது என்ற காரணம் காட்டி எந்த மருத்துவமனையும் மறுக்கக் கூடாது. குடியால் கல்லீரல் கெட்டவருக்கும் இது பொருந்தும். குடித்தவன்தானே என்று சொல்லும் உரிமை டாஸ்மாக் நடத்தும் அரசுக்கு இல்லை.

சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் "இன்னுயிர் காப்போம்" திட்டத்தை 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கினார்கள். நல்ல திட்டம். காப்பீட்டு அட்டை இருக்கிறதா, எந்த மாநிலத்தவர் என்று பார்க்காமல் முதலில் உயிரைப் பார்ப்பது அதன் அழகு. விஷம் உட்கொண்டவருக்கு 48 மணி நேரம் போதாது. அந்த நேரத்தில்தான் அவர் நன்றாக இருக்கிறாரே. அவருக்கு 120 மணி நேரமாக அதே திட்டத்தை நீட்டித் தாருங்கள். அண்டை மாவட்டமான கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அப்போது நோயாளிகளைச் சேலம், விழுப்புரம், புதுச்சேரி என்று பிரித்துப் பிரித்து அனுப்பினார்கள். அது வேறு விஷம், வேறு சிகிச்சை. ஆனாலும் விஷத்துக்கான தீவிர சிகிச்சை மாவட்டத்துக்குள்ளேயே வேண்டும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

பிளாஸ்மா மாற்றியும் தேறாதவருக்கு மிஞ்சுவது மாற்றுக் கல்லீரல். சென்னையில் அரசு ஸ்டான்லி மருத்துவமனையிலும் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் இது நடக்கிறது. முடிவெடுக்கக் கிடைப்பது சில மணி நேரம்தான். அதற்குள் குடும்பத்தில் யார் தரலாம், ஆவணம் என்னென்ன, தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் அவசரப் பட்டியலில் எப்படிப் பதிவது என்று சொல்ல இங்கேயே ஒருவர் வேண்டும். எல்லாவற்றையும் சென்னைக்குப் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லாதீர்கள்.

ரத்த சுத்தி விளம்பரங்கள்

எங்கள் ஊர் சாமியார்களின் ஊர், மூலிகையின் ஊர். அதில் எங்களுக்குப் பெருமையும் உண்டு. கிரிவலப் பாதையில் "ரத்த சுத்தி", "கல்லீரல் டீடாக்ஸ்" என்ற பலகைகளும் உண்டு. ஆரோக்கியமான ஆள் மூன்று நாள் சாறு குடித்துவிட்டுப் போவதால் பர்சுக்குத்தான் கேடு. காமாலை கண்டவர் அங்கே போய் ஒரு வாரம் தங்குவதுதான் ஆபத்து. காமாலையைக் குணமாக்குவோம் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதற்கு மருந்து விதிகளின் ஜே அட்டவணையே தடை போட்டிருக்கிறது. அந்த விதியை இங்கே நடைமுறைப்படுத்துங்கள்.

கீழாநெல்லியைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டறிந்து நோபல் பெற்ற பிளம்பெர்க்குடன் சேர்ந்து 1988-ல் லான்செட் இதழில் அதைப் பற்றி எழுதினார். அந்த ஆய்வு பி கிருமியைச் சுமப்பவர்களைப் பற்றியது. பின்னால் வந்த ஆய்வுகள் அதே பலனைக் காட்டவில்லை. அது எப்படியிருப்பினும், ஐ.என்.ஆர். ஏறிக்கொண்டிருக்கும் எலி மருந்து நோயாளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காமாலைக்கு இலை கொடுக்கும் ஊர்ப் பெரியவர்கள் பலர் காசு வாங்காமல் தருகிறவர்கள். அவர்களை விரோதியாக்காமல் கூட்டிவைத்துப் பேசுங்கள். வந்தவர் தூக்கக் கலக்கமாகப் பேசினால், மூக்கில் ரத்தம் வந்தால், எலி மருந்து என்று சொன்னால், இலையைக் கையில் எடுக்காமல் நூத்தியெட்டைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். அரசு சித்த மருத்துவர்களே இதை முன்னின்று செய்யலாம்.

தனியார் மருத்துவமனைகளுக்கும் இதே நேர்மை வேண்டும். ரத்தத்தில் உள்ள கழிவை உறிஞ்சிச் சுத்தம் செய்யும் குழல், செயற்கைக் கல்லீரல் என்று சொல்லி நகையை அடகு வைக்கச் செய்யுமுன், இதனால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு கூடுமென்று ஆய்வில் காட்டியிருக்கிறார்களா இல்லையா என்று தமிழில் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும்.

கடையில் தீரவேண்டியது

இவ்வளவும் ஆள் படுக்கையில் விழுந்த பிறகு. 2022-ன் கடைசியிலும் 2023-ன் தொடக்கத்திலுமாகத் தமிழ்நாடு அரசு ஆறு பூச்சிக்கொல்லிகளை 60 நாளுக்குத் தடைசெய்தது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையை நிரந்தரமாக நிறுத்தும் முடிவையும் அறிவித்தது. பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-இன் 27-ஆம் பிரிவு மாநிலத்துக்குத் தருவது அந்த 60 நாளும் மேலே ஒரு 30 நாளும்தான். நிரந்தரத் தடை ஒன்றிய அரசின் கையில். ஆகவே மாநிலம் டெல்லியிடம் விடாமல் கேட்க வேண்டும். உள்ளூரில் மளிகைக் கடை, பெட்டிக்கடை, இணைய விற்பனை மூன்றிலும் சோதனை நடத்தி, எத்தனை கடை, எவ்வளவு பறிமுதல் என்று மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். தடையால் பயனுண்டா என்று சந்தேகப்படுபவர் இலங்கையைப் பார்க்கட்டும். 1995 தொடங்கிக் கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாக அங்கே தடைசெய்தார்கள். தற்கொலைச் சாவுகள் அடுத்த இருபது ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கின. விளைச்சலும் அதனால் குறைந்துபோகவில்லை.

வயலில் எலிக்கு என்ன செய்வது? தஞ்சாவூர்க் கிட்டி இருக்கிறது. எலி வளையைப் பார்த்ததும் எத்தனை எலி, எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லும் இருளர்கள் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். வேளாண் துறை அவர்களுக்கு ஏக்கர் கணக்கில் கூலி நிர்ணயித்து வேலை கொடுக்கட்டும். வீட்டு எலிக்குப் பொறி போதும். வயல் பூச்சி மருந்தைக் கட்டிலுக்கடியில் வைக்காமல் ஊர்ப்பொதுவில் பூட்டுப் பெட்டியில் வைக்கும் முறையைக் கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் சென்னையின் சினேகா அமைப்பு முயன்று பார்த்திருக்கிறது. தற்கொலைகள் குறைந்ததாக 2013-ல் எழுதினார்கள். இங்கும் சில ஊராட்சிகளில் தொடங்குங்கள்.

பிழைத்து வீடு திரும்புகிறவரை மறந்துவிடாதீர்கள். கல்லீரல் தேறிவிடும், கடன்காரனும் மாமியாரும் பரீட்சை மதிப்பெண்ணும் அப்படியே இருப்பார்கள். டிஸ்சார்ஜ் சீட்டோடு மனநல மருத்துவரின் அடுத்த தேதியும் இருக்க வேண்டும். கிராமச் செவிலியர் முதல் மூன்று மாதம் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். இப்போது மனம் தளர்ந்திருக்கும் யாரும் இதைப் படித்தால்: 14416 டெலி மனஸ், 104 மருத்துவ உதவி எண். இரண்டிலும் தமிழில் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

இச்சாசனத்தை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்வு நாளில் நேரில் தருகிறோம். மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வேண்டும். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கல்லீரல் செயலிழந்தவருக்கு இரவு இரண்டு மணிக்குப் பிளாஸ்மா மாற்றுச் செய்ய முடியுமா, முடியாதென்றால் எந்தத் தேதியிலிருந்து முடியும்? மாவட்டத்தின் எந்தெந்த வட்ட மருத்துவமனையில் இன்று ஐ.என்.ஆர். பார்க்கிறார்கள்? கல்லீரல் நோயாளிகளுக்கென எத்தனை பை பிளாஸ்மா ஒதுக்கப்பட்டிருக்கிறது? பதில் 30 நாளுக்குள் வராவிட்டால் இதே மூன்று கேள்விகளையும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வட்டத்துக்கு ஒரு மனுவாக அனுப்புவோம்.

இப்படிக்கு,
திருவண்ணாமலை மாவட்டப் பொதுமக்கள், உழவர்கள், ரத்தக் கொடையாளர்கள், நோயாளிகளின் குடும்பத்தினர்